அம்மாவுக்கு நாலே தட்டு



பள்ளிப் பிள்ளைக்குக் கணினியின் முதல் பாடம் ஆங்கிலத்திலா, தமிழிலா? எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "விசைப்பலகையிலே இருக்கிறது ஏ, பி, சி, டி தானய்யா! அப்புறம் என்ன தமிழு?" நீங்களும் கைதட்டினீங்க. தட்டுங்க, தட்டுங்க. நான் திருவையாறு பக்கம் ஏழாவது, எட்டாவது பிள்ளைங்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறவன். அந்த ஏ, பி, சி, டி படுத்துற பாடு எனக்குத் தெரியும்.

முதல் நாள் வர்ற பிள்ளை சின்ன 'ஏ'யைத் தேடுது. பலகையில இருக்கிறதெல்லாம் பெரிய எழுத்து. வரிசையும் கலைஞ்சு கிடக்கு. ஏவுக்குப் பக்கத்துல எஸ்! மவுஸைத் தள்ளிக்கிட்டே போய் மேசை விளிம்புல நின்னுடும். "சார், இதுக்கு மேல வழி இல்ல சார்!" (சிரிப்பு) தூக்கி நடுவுல வச்சு மறுபடி தள்ளணும்னு நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாதுங்களே. இத்தனை புதுசுக்கு நடுவுல தெரிஞ்சது ஒண்ணாவது வேணுமா, வேண்டாமா?

1984-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம்ம நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ. அன்னைக்கு ஆங்கிலத்தை விட்டால் கதியில்லை, ஒத்துக்கிறேன். 1999-ல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்து, தமிழ்99 விசைப்பலகை வந்தாச்சே! தமிழக அரசே ஏற்றுக்கொண்டதாச்சே! உயிரெழுத்து எல்லாம் இடது கைப்பக்கம். மெய் பெரும்பாலும் வலது பக்கம். 'க' அடிச்சு 'ஆ' அடிச்சா 'கா'. தமிழய்யா சொன்ன உயிர்மெய்க் கணக்கு! 'அம்மா'வுக்கு நாலே தட்டு: அ, ம, ம, ஆ. புள்ளியை அதுவே வச்சுக்கும். 'தஞ்சை' அடிங்க: த, ஞ, ச, ஐ. 'ஞ'வுக்குப் பின்னால் 'ச' வந்தால் இன எழுத்துன்னு புள்ளி வைக்குதய்யா! இலக்கணம் எதுக்கு சார்னு கேட்ட பையன் அன்னைக்குத்தான் வாயை மூடினான். (கைதட்டல்)

விசையில தமிழ் இல்லையா? காகிதத்துல எழுதி ஒட்டினேன். செலவு, பசை மட்டும்.

"வேலைக்கு ஆங்கிலம் வேணுமே" என்றார் எதிரணிச் சகோதரி. வேணும்மா. நானே ரெண்டாவது மாசம் ஆங்கிலத்துக்குத்தான் போறேன். ஆனா முதல் வாரத்துல மிரண்ட பிள்ளை கடைசி நாற்காலிக்குப் போயிடும். பக்கத்துல இருக்கிறவன் அடிப்பான், இது வேடிக்கை பார்க்கும். அப்படி ஒதுங்குறது யாரு? பெரும்பாலும் நடவுக்குப் போற வீட்டுப் பிள்ளை. அதுலயும் பொம்பளைப் பிள்ளை.

சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம்னு தூக்கிக்கிட்டு ஒரு கணினி மையத்துல நிக்கிறோம். உள்ளே என்ன அடிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியுமா? எங்க எட்டாவது மாணவி ஒருத்தி அப்பாவோட போயிருக்கா. வகுப்புல வீட்டுச் சிட்டாவைப் பார்த்து, பெயர், புல எண், உட்பிரிவுன்னு கட்டம் போட்டுத் தமிழ்ல அடிச்சவ அவ. திரையை எட்டிப் பார்த்து, "அண்ணே, உட்பிரிவு விட்டுப்போச்சு"ன்னா. அவரும் திருத்தினாரு. திருத்தாம விட்டு, மழையில பயிர் மூழ்கியிருந்தா? எந்த வயல்னு அந்தக் குடும்பம் அலைஞ்சிருக்கும்.

அந்தப் பொண்ணு இப்ப ஆங்கிலத்துலயும் அடிக்கிறாள். நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தைன்னு கேட்காதீங்க எதிரணி நண்பரே, நான் எண்ணலை. நடுவர் மணியில் கை வைக்கிறார்.