போக விடாத கடவுள்



முன்பின் தெரியாதவருக்கு உதவும்போது கடவுள் வழிகாட்டுகிறாரா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. காட்டுகிறார் என்று நம்புகிறவன் நான். எப்படிக் காட்டுகிறார் என்று பேசத்தான் வந்திருக்கிறேன். அதற்குக் கைலாயம் வரை போக வேண்டாம். இந்த மும்பை மாட்டுங்காவில் தண்டவாளத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் இறங்கினால் துளசி பைப் ரோடு. அங்கே போவோம்.

2020 ஆகஸ்ட் 4. கொரோனா காலம். கொட்டிய மழையில் ரோடு மூழ்கிக் கிடக்கிறது. அந்த ரோட்டோரம் பூ விற்கும் ஒரு அம்மா, தண்ணீர் வடியட்டும் என்று மேன்ஹோல் மூடியைத் திறந்துவிட்டார். வேலை அதோடு முடிந்ததா? அப்போதுதான் ஆரம்பித்தது. கீழே வாய் பிளந்த குழி, மேலே கலங்கல் தண்ணீர். பைக்கில் வருகிறவனுக்குக் குழி இருப்பதே தெரியாது. அந்த அம்மா குழிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். முழங்கால் நனைய நின்று, கையை ஆட்டி, வருகிற வண்டியையெல்லாம் ஒதுக்கி விட்டார். ஏழு மணி நேரம்! யாரோ எடுத்த வீடியோவில் நாடே அதைப் பார்த்தது. அந்த வண்டிகளில் போனவர்களில் ஒருவர் பெயராவது அவருக்குத் தெரிந்திருக்குமா?

இதற்கு மூன்று வருடம் முன்னால், 2017 ஆகஸ்ட் 29. டாக்டர் தீபக் அம்ராபுர்கர், இந்த நகரமே மதித்த வயிற்று நோய் மருத்துவர். கார் வெள்ளத்தில் மாட்டிக்கொள்ள, இறங்கி வீட்டுக்கு நடந்தார். எல்பின்ஸ்டன் ரோடு பக்கம் திறந்து கிடந்த மேன்ஹோல் அவரை இழுத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து ஒர்லியில் உடல் கிடைத்தது. வெள்ளம் வடிய மூடியைத் திறந்தார்கள் என்று நாலு பேரைப் போலீஸ் பிடித்தது. தண்ணீர் வடிய வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? அந்த எண்ணம் யாருக்கும் வரும். திறந்த பிறகு கால் நகர மாட்டேன் என்கிறதே, அது எல்லோருக்கும் வருவதில்லை. அதைத்தான் நான் இறைவன் என்கிறேன்.

இளையான்குடி மாற நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். நடு இரவு, கொட்டும் மழை, வறுமையில் வாடும் வீடு. வாசலில் பசியோடு ஒரு அடியார். வந்தவர் சிவபெருமான் என்பது கேட்கிற நமக்குத் தெரியும், அந்த வீட்டுக்குத் தெரியாது. ‘என்ன செய்வது?’ என்று மாறனார் தவிக்கிறார். வழி சொன்னது யார் தெரியுமா? அவர் மனைவி! பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வாருங்கள் என்கிறார். மாறனார் இருட்டில் வயலுக்குப் போய், தண்ணீரில் மிதந்த முளை நெல்லைக் கையால் தடவித் தடவிக் கூடையில் சேர்த்தார். வந்தால் அடுப்புக்கு விறகில்லை. கூரையின் வரிச்சை வெட்டிக் கொடுத்தார். கறிக்கு ஒன்றுமில்லை. முற்றாத கீரையைப் பறித்து வந்தார். நாம் கடைசியில் வரும் ரிஷப வாகனக் காட்சிக்கே கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். எனக்கோ, இறைவன் அந்த வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டான். நெல், விறகு, கீரை என்று அடுத்தடுத்த வேலையாக வந்தான். அதிலும் முதல் வார்த்தையை அந்த அம்மாவின் வாயால் சொன்னான்.

தாராவியில் இட்லி போட்டு, சைக்கிளில் வைத்து விற்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். ஒரு நாள் விடியற்காலை சயான் ஸ்டேஷன் வாசலில் ஒரு பீகார்ப் பையன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். டாக்சி பிடித்து சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கேஸ் பேப்பர் எடுக்கும் ஜன்னலில், “கூட யார்?” என்று கேட்டார்கள். இட்லிப் பானை ஸ்டேஷன் வாசலில், ஆறிக்கொண்டிருக்கிறது. “நான்தான்” என்றார். அன்று முழுக்க அந்தப் பையனோடு இருந்தார். “எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டேன். “கெளம்பத்தான் பாத்தேன் தம்பி. முருகன் காலைக் கட்டிப் போட்டுட்டான், எங்க போவ?” என்றார்.

இப்படிச் செயலில் இறைவனைக் காண்பது நம் தமிழ் மண்ணுக்கு மட்டும் உரியதல்ல. மராட்டிய மண்ணின் காட்கே மகாராஜ், 1956 வரை வாழ்ந்தவர், துடைப்பமும் கையுமாக ஊருக்குள் நுழைவார். முதலில் தெருவையும் சாக்கடையையும் சுத்தம் செய்வார், ராத்திரிதான் கீர்த்தனை. பசித்தவனுக்குச் சோறு போடு, கடவுள் அங்கே இருக்கிறார் என்பார். பரேலில் டாடா ஆஸ்பத்திரிக்கு வரும் ஏழை நோயாளிகள் தங்க, தாதரில் அவர் பெயரில் இன்றும் தர்மசாலை நடக்கிறது.

ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்து, இந்தியும் மராட்டியும் தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் விழிக்கிறவர்கள் பலர். கூட இருக்கப் பகலில் ஆள் கிடைக்கிறது, ராத்திரிக்குக் கிடைப்பதில்லை. வாசல் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ராத்திரி வர முடிந்தவர்கள், பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். எந்தக் கிழமை வர முடியும் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.