உளவளத்துணையாளரின் பையில் என்ன இருக்கிறது?

(மீள்குடியேறிய குடும்பங்களுடனான சந்திப்பில் ஆற்றிய உரை)



போன கிழமை ஓர் அம்மா என் பையைக் காட்டிக் கேட்டார்: "பிள்ளை, இதுக்குள்ள என்ன மருந்து வைச்சிருக்கிறியள்?" இதற்குள் மருந்து ஒன்றும் இல்லை. நான் வைத்தியர் அல்ல, உளவளத்துணையாளர். உங்கள் வளவுக்குள் வருகிற ஒருவர் எதைக் கொண்டு வருகிறார் என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே இன்று பையைத் திறந்தே காட்டுகிறேன்.

முதலில் இந்தக் கொப்பி. உங்களில் பலருக்கு இதைக் கண்டால்தான் பயம். முகாமில் எத்தனை பதிவு, எத்தனை படிவம்! எழுதியது எங்கேயோ போய்ச் சேரும் என்று நீங்கள் நினைப்பதில் பிழையில்லை. இதில் உங்கள் பெயர் இல்லை, ஓர் இலக்கம்தான் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது நான் மறந்துவிடக் கூடாத இரண்டு மூன்று விடயங்களை மட்டும் குறித்திருப்பேன். யார் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று நான் கேட்பதில்லை. நீங்களாகச் சொன்னாலும் எழுதுவதில்லை. ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்றாலோ மட்டும் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்லுவேன். அதையும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன். "எதையும் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று எடுத்த எடுப்பில் வாக்குக் கொடுக்கிறவரை, என்னைக் கேட்டால், நம்பவேண்டாம்.

அடுத்தது ஒரு கேள்வித்தாள். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 20 கேள்விகள். கடந்த 30 நாட்களில் தலையிடி இருந்ததா, பசி குறைந்ததா, நித்திரை வருகிறதா, கை நடுங்குகிறதா என்று கேட்கும். ஆம், இல்லை என்றால் போதும். வேலைக்கு வந்த புதிதில் வாசலில் நின்றபடியே இந்தத் தாளை நீட்டுவேன். ஓர் ஐயா எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று சொல்லி முடித்துவிட்டு, "தகரம் எப்ப தருவியள்?" என்று கேட்டார். பிழை அவரில் இல்லை. நிவாரணப் படிவத்துக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்லாதது நான். இப்போது முதலில் தேத்தண்ணி குடிப்பேன், கிணறு இறைத்தாயிற்றா என்று கேட்பேன். தாள் பையிலேயே கிடக்கும். இதில் எத்தனை "ஓம்" வந்தாலும் வீடு கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது.

நெஞ்சு இறுகுது, பெருமூச்சாய் வருது என்று சிலர் சொல்வார்கள். யோசினையால் அப்படி வரலாம். ஆனாலும் அவர்களை முதலில் வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவேன். மெய்யாகவே இருதய வருத்தமாகவும் இருக்கலாம் அல்லவா?

அந்த 20 கேள்விகளில் ஒன்று, உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இதை எல்லோரிடமும் கேட்கிறோம், கோபிக்க வேண்டாம். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். ஒருவர் கேட்டாரே என்று ஆறுதல் அடைந்தவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். வீட்டில் யாராவது "இருந்தென்ன" என்று கதைத்தால் நீங்களும் நேரடியாகக் கேளுங்கள். ஆளைத் தனியே விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இப்போது பலர் திரும்பவும் தோட்டம் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். பூச்சிநாசினிப் போத்தலைக் கொட்டிலுக்குள் செருகி வைக்காதீர்கள். பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள், திறப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். நான் இன்று சொன்னவற்றில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

கலர்ப் பென்சில்களும் தாளும் பிள்ளைகளுக்கு. செல்லடியைக் கீறு என்று சொல்லமாட்டேன். விரும்பியதைக் கீறட்டும், கோழி கீறினாலும் சரி. பெரிய பிள்ளை இரவில் படுக்கையை நனைத்தால் அடிக்காதீர்கள். பயம் உள்ளே இருக்கும்போது அப்படி நடக்கும்.

காணாமற்போனவர்களைத் தேடுகிறவர்களுக்குக் கொடுக்க இந்தப் பையில் ஒன்றுமில்லை. வருவார் என்று நான் சொல்லமாட்டேன், திவசம் செய்யுங்கள் என்றும் சொல்லமாட்டேன். பொட்டு வைப்பதா, விடுவதா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அயலட்டையிடம் ஒரு வேண்டுகோள்: அவரிடம் அதைப் பற்றிக் கேட்கவேண்டாம். வந்து இருந்து, அவர் கதைக்கிற நேரம் கேளுங்கள், அவ்வளவும் போதும்.

கடைசியாக, வைத்தியருக்கு எழுதும் கடிதத்தாள். ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறவர், நாட்கணக்காக நித்திரை இல்லாதவர், சாப்பாட்டையே விட்டவர் ஆகியோரைக் கதைத்து மட்டும் சுகப்படுத்த என்னால் ஏலாது. அரசாங்க வைத்தியசாலையில் இதற்கு மருந்து இலவசம். விசர் என்று ஊர் சொல்லும் என்று வீட்டுக்குள் வைத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். முகாமில் இருந்தபோது இந்த மருந்து எடுத்தவர்கள், ஊருக்கு வந்துவிட்டோம் என்று நிறுத்திவிடாதீர்கள். அங்கு தந்த கிளினிக் கொப்பியை இங்குள்ள வைத்தியசாலையில் காட்டுங்கள். கொப்பி தொலைந்திருந்தால் வெறும் மருந்து மட்டையைக் கொண்டு வாருங்கள், அதைப் பார்த்துக் கடிதம் எழுதித் தருகிறேன். கூட்டம் முடிந்த பிறகு அந்த மாமரத்தடியில்தான் இருப்பேன்.