மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

(தாராவியில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"நானும் என் கடவுள் நம்பிக்கையும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வரும்போதே ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "தம்பி, அது அவரவர் வீட்டுச் சமாச்சாரம், சங்க மேடையில் அதற்கென்ன வேலை?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஐயா, நமக்கு அது எந்தக் காலத்தில் வீட்டுச் சமாச்சாரமாக இருந்தது? எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கோவிலில் வாசலோடு நிற்க வேண்டும் என்பதையெல்லாம் நம் பாட்டன்மாரைக் கேட்டா முடிவு செய்தார்கள்?

என் தாயாரின் பக்தியை முதலில் சொல்கிறேன். ஊரில் அவருக்குச் சுடலைமாடன். தாராவிக்கு வந்த பிறகு, 1913இல் கட்டிய நம் பிள்ளையார் கோவில். புதன்கிழமையானால் மாகிம் மாதா கோவில் நவநாளுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லையென்றால் மாகிம் தர்காவில் ஓதி வாங்கி வருவார். எந்தச் சாமி எந்த மதம் என்று அவர் விசாரித்ததே இல்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அதை விசாரிக்கிறவர்கள் இந்தத் தெருக்களில் இறங்கினார்கள். என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தகப்பனார் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர், பெரியார் தொண்டர். எங்கள் வீட்டுச் சுவரில் பெரியார் படத்துக்கும் முருகன் காலண்டருக்கும் ஒரே ஆணிதான். இடம் அவ்வளவுதான் இருந்தது! ஒருவர் மாட்டியதை மற்றவர் கழற்றவில்லை.

நான் தகப்பனார் பக்கம். சாமி இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லி முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. சாவு வீட்டில் என்ன சொல்லித் தேற்றுவது? குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறவனிடம், இது தவறு என்று எதை வைத்துச் சொல்வது? அதைத் தேடித்தான் டாக்டர் அம்பேத்கரைப் படிக்கத் தொடங்கினேன். அவர் நமக்குத் தூரத்து ஆளல்ல. பரேலில் ஒற்றை அறைச் சால் வீட்டில் வளர்ந்தவர். பிழைப்புக்காகப் பம்பாய் வந்த குடும்பத்துப் பிள்ளை. தகப்பனார் கபீர் நெறியினர். பிள்ளைகளை உட்கார்த்தி ராமாயணமும் பாரதமும் படிக்கச் சொல்வார். நம்மை இழிவாக நடத்தும் இந்த நூல்களை ஏன் படிக்க வேண்டும் என்று மகன் எதிர்த்துக் கேட்டான். பரீட்சையில் தேறியதற்குக் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அந்தப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். விதை அங்கே விழுந்தது.

1935இல் யேவலாவில், இந்துவாகப் பிறந்தேன், ஆனால் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு மே 31ஆம் நாள் நாய்காவ் மாநாட்டில் அதற்குக் காரணம் சொன்னார். நாய்காவ் எங்கே? இங்கிருந்து நாலு நிறுத்தத்தில் இருக்கிறது! நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் வாருங்கள் என்றார். தம்மைத் தலைவராக ஏற்ற மக்களிடமே இப்படிப் பேசினார்.

தீட்சை பெற்றதோ 1956 அக்டோபர் 14, நாகபுரியில். இடையில் இருபத்தோரு ஆண்டு! மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடலாம், தாதர் இந்து காலனியில் அவருடைய வீடு இருக்கிறது. 1930களில் கட்டிய அந்த வீட்டுக்கு 'ராஜகிருகம்' என்று பெயர் வைத்தார். அது புத்தர் நடமாடிய ஊரின் பெயர். வீட்டுக்கு வைத்த பெயருக்குள் அவரே குடிபோக அத்தனை காலம் படித்தார், எடை போட்டார். அதன்பின் உயிரோடிருந்தது ஐம்பத்து மூன்றே நாள். டிசம்பர் 6ஆம் நாள் சைத்யபூமிக்குப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.

இது மராட்டியர் சங்கதி என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அவர்களுக்கு விவரம் போதாது. அயோத்திதாச பண்டிதர் 1898இலேயே கொழும்பு சென்று பௌத்தம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டவர். அந்தச் சங்கத்தை வளர்த்தவர்கள் யார்? கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளிகளும்தான். நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்கள்! சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலை 1948இல் தாமே முன்னுரை எழுதி மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அம்பேத்கர்.

பெரியார் அந்த வழியில் போகவில்லை. 1954இல் இருவரும் ரங்கூன் பௌத்த மாநாட்டுக்குப் போனபோது, சேர்ந்து மதம் மாறலாம் என்று அம்பேத்கர் அழைத்ததையும், உள்ளே இருந்தால்தான் கண்டிக்க வசதி என்று தாம் சொன்னதையும் பெரியாரே மேடையில் பேசியிருக்கிறார். இரண்டு பெரிய மனிதர்கள், இரண்டு முடிவு, பகை இல்லை. நம் வீடுகளிலோ பிள்ளை ஒரு புத்தகத்தை மாற்றி எடுத்தாலே சோற்றுத் தட்டு பறக்கிறது.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் வர முடியும். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், பக்கத்தில் தைக்கிறவனுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மட்டும் ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் அவர் மனு தள்ளுபடியானது. ஊசி அதே, தோல் அதே, தெரு அதே!

புலம்பெயர்ந்த நமக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. இதே ஊர் மருத்துவக் கல்லூரி ஒன்றைப் பற்றிய வழக்கில் 1990இல் வந்த தீர்ப்பின்படி, சொந்த மாநிலத்துப் பட்டியல் உரிமை குடிபெயர்ந்து வந்தவருடன் இங்கே வராது. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடும்பம் எங்கே நிலையாக வசித்தது என்று கேட்பார்கள். பழைய ரசீது, பள்ளிச் சான்று எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

நான் தீட்சை பெற்றவனா என்று கேட்பீர்கள். இல்லை. ஐந்து சீலங்களும் எனக்குச் சரியாகப் படுகின்றன. மறுபிறப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் தகப்பனார் குரல் குறுக்கே வருகிறது. படித்துக்கொண்டிருக்கிறேன். தாயார் இருந்தவரை அவரைப் புதன்கிழமை மாகிமுக்கும், மாதம் ஒருமுறை செம்பூர் செட்டா நகர் முருகனுக்கும் அழைத்துப் போனேன். அவர் படியேறிக் கும்பிடுவார், நான் கீழே செருப்பைப் பார்த்துக்கொள்வேன். என்னை ஒருநாளும் மேலே வா என்று கூப்பிட்டதில்லை.

ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "என் மகள் பௌத்தம் ஏற்கப் போகிறாளாம், படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் என்ன போடுவது?" அம்மா, அவள் எதுவோ அதைப் போடட்டும். 1990ஆம் ஆண்டுத் திருத்தம் இருப்பதால் அதனால் மட்டும் பட்டியல் உரிமை போய்விடாது. ஆனால் சீட்டை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அவள் எழுதவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவளையும் கூட்டி வாருங்கள். ஏன் ஏற்கிறாள் என்று அவள் வாயால் கேட்போம்.