போன் செய்யாத பெற்றோர்

(ஆட்டையாம்பட்டியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் நாளிதழ் நிருபர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த வட்டாரத்துப் பள்ளி விளையாட்டுச் செய்திகளை நாளிதழுக்கு அனுப்புவது என் வேலை. குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று ஏதாவது ஒரு மைதானத்தில் நின்றுகொண்டிருப்பேன். மறுநாள் பேப்பர் வந்ததும் பெற்றோரிடமிருந்து போன் வரும். அந்தக் கேள்விகளில் பாதி உங்களிடம் வந்திருக்க வேண்டியவை. அதனால்தான் அவற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

அடிக்கடி வருவது, "எம்பையன் பேரு ஏனுங்க வரல?" என்ற கேள்வி. ஒரு போட்டிக்கு எங்களுக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து வரி. அதைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் பலருடைய பதற்றத்துக்குக் காரணம் வேறு. பேப்பரில் வந்தால்தான் பிள்ளைக்குக் காலேஜ் சீட் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. அரசு வேலையில் 3 விழுக்காடு உண்டு. இரண்டுக்கும் பார்ப்பது போட்டிச் சான்றிதழைத்தான். பேப்பர் கட்டிங்கை அல்ல. பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றையும் பெற்றோரை வைத்தே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, "எம்பொண்ண டீம்ல எடுக்கலைங்க, இத நீங்க எழுதணும்" என்ற கோபம். முழுவதையும் கேட்டுவிட்டு, "பி.டி. சார்கிட்ட கேட்டீங்களாம்மா?" என்பேன். பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். தேர்வில் யார் எத்தனை விநாடியில் ஓடினார், எத்தனை மீட்டர் தாண்டினார் என்று அன்று மாலையே பலகையில் ஒட்டும் பள்ளியிலிருந்து இப்படிப்பட்ட போன் எனக்கு வருவது அபூர்வம். கபடிக்கும் கோகோவுக்கும் அப்படி அளவு காட்ட முடியாது. அங்கே பட்டியல் ஒட்டும் முன் விடுபட்ட பிள்ளையைத் தனியே அழைத்துக் காரணம் சொல்லுங்கள். வீட்டில் அந்தச் செய்தியைப் பிள்ளை எப்படிச் சொல்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பெற்றோரின் குரல் உயர்வதும் தணிவதும்.

மூன்றாவது, "போட்டோ போட்றாதீங்க" என்பது. நீளம் தாண்டுதலில் ஜெயித்த ஒரு மாணவியின் அப்பா, "போட்டோ வந்தா ஊர்ல பேசுவாங்க, அப்புறம் நான் அனுப்பவே மாட்டேன்" என்றார். பெயரை மட்டும் அனுப்பினேன். பிறகு வகுப்பாசிரியை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினார். அடுத்த ஆண்டும் அந்தப் பெண் மைதானத்துக்கு வந்தாள். அந்தப் பேச்சை நான் பேசியிருக்க முடியாது. ஆசிரியர் சொல்லுக்குத்தான் அந்த வீட்டில் இடம் இருந்தது. போட்டோவுக்குச் சம்மதமா இல்லையா என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் நிருபருக்கும் உதவி.

இனி, போன் செய்யாத பெற்றோர். என்னைத் தொடர்ந்து அழைப்பவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் தறியில் நிற்கிறார்கள், முறுக்குச் சுற்றுகிறார்கள். ஒரு நாள் மைதானத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். வருகிற போனை வைத்து மட்டும் எழுதினால் அவர்களுடைய பிள்ளைகள் செய்தியில் இருக்கவே மாட்டார்கள். நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அவருடைய அம்மா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். பள்ளி நாளில் அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். அந்தக் கண் உங்களிடம் இருக்கிறது. எனக்கு அந்தக் கண் கிடையாது.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். போட்டி முடிந்த மாலையே, கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் முடிவும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள இன்ஷியலோடு ஒரே தாளில் இருக்கட்டும். ஒரு படி பலகைக்கு, ஒரு படி பெற்றோருக்கு, ஒரு படி எனக்கு. கடைசியாக வந்த பிள்ளையின் பெயரும் அதில் இருக்கட்டும். தோற்றவர் பெயரை நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன். ஆனால் அந்தத் தாள் வீட்டுக்குப் போனால், தறியை விட்டு வர முடியாத அம்மாவுக்கும் தன் பிள்ளை ஓடியது தெரியும்.