'ஆர் சொன்னது?'



தீவகத்துப் பாடசாலை ஒன்றிலே தமிழும் படிப்பித்துக்கொண்டு, நூலகத் திறப்பையும் பல ஆண்டுகள் வைத்திருந்தவள் நான். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வள்ளமேறிப் பாடசாலைக்குப் போய்வந்த காலம் அது. நூலகம் என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். ஓர் அறை, நான்கு இறாக்கைகள், இரண்டு அலுமாரிகள், நீண்ட மேசை ஒன்று. உப்புக்காற்றிலே இரும்பு அலுமாரி துருப்பிடிக்கும். மாரியிலே புத்தகங்கள் ஈரம் குடிக்கும். அந்த அறையிலே நடந்த ஒரு சிறு சம்பவத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். நயினாதீவுப் பிள்ளை. 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரைப் போட்டி. மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்றும், இதிலே எவருக்கும் ஐயமில்லை என்றும் கட்டுரை தொடங்கியது.

"இது ஆர் சொன்னது, பிள்ளை?" என்று கேட்டேன்.

"போனிலை கிடக்குது ரீச்சர்."

"போனிலை ஆர் எழுதினது?"

அவள் பதில் சொல்லாமல் நின்றாள். அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் எவரும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் என் மாணவப் பருவத்திலே அச்சிலே கண்டதையெல்லாம் அப்படியே நம்பியவள்தான்.

'தகவல் அறிதிறன்' என்று இன்று நூலகத்துறையினர் சொல்வது இந்தக் கேள்வியிலேதான் தொடங்குகிறது. நமது நாட்டில் ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவதற்கென்று 1999ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் அமைக்கப்பட்டது. 2004 நவம்பரில் கொழும்பில் நடைபெற்ற சர்வதேசப் பயிலரங்கொன்றிலே 'எம்பவரிங் எயிற்' என்ற முறை உருவாயிற்று. தேவையை இனங்காணல், தேடல், தெரிதல், ஒழுங்குபடுத்தல், ஆக்கல், முன்வைத்தல், மதிப்பிடல், பயன்படுத்தல் என எட்டுப் படிகள். பெயர் புதிது, காரியம் பழையது. கடையிலே மீன் வாங்கும் ஆச்சி செவுளைத் தூக்கிப் பார்க்கிறாளே, அதே காரியந்தான். மீனுக்குச் செய்வதைச் செய்திக்கும் செய்யப் பழக்குகிறோம்.

பிள்ளையை இறாக்கைகளுக்கு முன்னால் அழைத்துச் சென்றேன். தூயியின் தசாம்சப் பகுப்பிலே இலக்கியத்துக்கு 800, வரலாற்றுக்கும் புவியியலுக்கும் 900, சமயத்துக்கு 200. "உன்ரை கேள்விக்கு மறுமொழி ஒரு இறாக்கையிலை இல்லை, மூண்டு இறாக்கையிலையும் தேடு" என்றேன். கிழமையில் இரண்டு நாள், பாடசாலை விட்ட பிறகு, அடுத்த வள்ளத்துக்கு இடையிலே கிடைத்த நேரத்தில் தேடினோம். எங்களிடம் இல்லாதவற்றை, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலும் பிற இடங்களிலும் தேடினோம். அதே போன்தான், இப்போது அவள் அதனிடம் கேட்ட கேள்வி வேறு.

கிடைத்தவை என்ன? மணிமேகலையிலே மணிபல்லவத்துப் பீடிகைக்காக நாக அரசர் இருவர் போரிட்ட கதை வருகிறது. மகாவம்சத்திலும் அதுபோன்ற கதை உண்டு. அங்கே இடத்தின் பெயர் நாகதீபம். நாகதீபம் என்றால் நயினாதீவு மாத்திரந்தானா? 1936இல் கண்டெடுக்கப்பட்ட வல்லிபுரம் பொற்சாசனம், வசப மன்னன் காலத்து அமைச்சன் ஒருவன் நாகதீவை ஆண்டதாகக் கூறுகிறது. அதனைக்கொண்டு, நாகதீபம் என்பது குடாநாடு முழுவதுக்குமான பெயர் என்று அறிஞர் பலர் கருதினர். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பழைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலிலே மணிபல்லவத்தைக் குடாநாட்டோடு பொருத்தினார். நயினாதீவே என்போரும் உண்டு; வேறு இடம் சொல்வோரும் உண்டு.

பிறகு கல்வெட்டுக்கு வந்தோம். நயினாதீவு நாகபூசணி அம்பாள் கோயிலிலே இருக்கும், 12ஆம் நூற்றாண்டுப் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் ஆங்கிலத்தில் கட்டுரை வெளியிட்டார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளை வாசித்தாள். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்க வேண்டும். ஆனையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. வாணிபச் சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் சரிபாதி. ஊராத்துறை என்பது எங்கள் ஊர்காவற்றுறை. பிள்ளை நிமிர்ந்து, "ரீச்சர், நான் சின்னனிலை இருந்து கும்பிடப் போற கோயில். இந்தக் கல்லு கப்பலைப் பற்றிச் சொல்லுது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். மணிபல்லவம் பற்றி அதிலே பேச்சில்லை.

கட்டுரையை மாற்றி எழுதினாள். மணிபல்லவம் எது என்பதில் அறிஞர் ஒருமுகப்படவில்லை, எங்கள் ஊர் மணிபல்லவமாக இருக்கலாம், ஆனால் இந்தத் துறையிலே கடல் வாணிபம் நடந்ததற்குக் கல்லே சாட்சி என்று முடித்தாள். வீட்டிலே பேத்தியார் கோபித்துக்கொண்டாராம். "அப்ப நாங்கள் சொல்லி வந்தது பொய்யோ?" என்று கேட்டாராம். "பொய்யெண்டு நான் எழுதேல்லை ஆச்சி. தெரிஞ்சது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு எண்டுதான் எழுதினனான்" என்றாளாம் பிள்ளை.

போட்டியிலே பரிசு கிடைக்கவில்லை. ஊரின் பெருமை உறுதியாகக் கூறப்படவில்லை என்று கட்டுரையின் ஓரத்திலே ஒரு குறிப்பு. பிள்ளை அந்தத் தாளை என் மேசையிலே வைத்துவிட்டு அழுதாள். அன்று வள்ளத்திலே திரும்பும்போது என் மனமும் குழம்பித்தான் இருந்தது. பழைய மூன்று பக்கத்தையே அனுப்பியிருந்தால் பரிசு வந்திருக்குமோ? பிள்ளைக்கு நான் செய்தது உதவியா, உபத்திரவமா?

நேயர்களே, அந்த வேளையிலே எனக்கு நினைவு வந்தவர் தனிநாயகம் அடிகளார். 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிலே பிறந்தவர். தமிழின் பெருமையை உலகமெங்கும் பேசியவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அவர் நூலகங்களிலே தேடியவர் என்பதை மறந்துவிடுகிறோம். 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலே கண்டு 1966இல் மறுபதிப்புச் செய்வித்தார். அதே ஆண்டிலே, தமிழியல் பற்றிய நூல்கள் எவை என்று காட்டும் வழிகாட்டி நூலொன்றையும் வெளியிட்டார். ஆதாரத்தை எடுத்து வைத்துப் பெருமை பேசிய தீவக மைந்தர் அவர்.

எங்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இடப்பெயர்வுகளிலே வீட்டு ஏடுகளும் பாடசாலைப் பதிவுகளும் போயின. ஆதாரங்கள் அழிந்த இடத்திலே ஆரும் எதையும் சொல்லலாம் என்ற நிலை வந்துவிடுகிறது. எஞ்சிய கல்லையும் ஏட்டையும் கவனமாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளே அந்த நிலைக்கு மருந்து. அதற்காகத்தான் கேட்கிறேன்: நூலகப் பாடவேளையைக் கணிதத்துக்கோ விளையாட்டுப் பயிற்சிக்கோ கடன் கொடுத்துவிடாதீர்கள். திறப்பு வைத்திருப்பவரை நூலகராக வேலை செய்ய விடுங்கள்.

அந்தப் பிள்ளையின் கதையை முடிக்கவில்லை. அடுத்த கிழமை அவள் ஓர் அட்டையிலே 'நயினாதீவு - வரலாறு' என்று தலைப்பிட்டு, எந்த நூல் எந்த இறாக்கையில், எந்தக் கட்டுரை எங்கே கிடைக்கும், யார் என்ன கருத்துடையவர் என்று வரிசையாக எழுதிக் கொண்டுவந்தாள். "பிறகு வாற பிள்ளையளுக்கு உதவும் ரீச்சர்" என்றாள். நான் ஓய்வுபெற்ற நாளிலே அந்த அட்டை இறாக்கையின் ஓரத்திலே ஒட்டியிருந்தது. அதன் அடியிலே, வேறொரு சின்னப் பிள்ளையின் கையெழுத்திலே இன்னும் ஒரு நூலின் பெயர் சேர்ந்திருந்தது.