மின்னஞ்சலில் ஓர் ஒட்டு
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிழிந்த வலையை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவோர் நம் வங்காலையில் இல்லை. கிழிந்த இடத்தை மட்டும் பொத்தி மீண்டும் கடலுக்குக் கொண்டு செல்கின்றோம். கணினி உலகிலும் இத்தகைய தொண்டு ஒன்று நடைபெற்று வருகின்றது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர், தமது 21ஆம் வயதில், லினக்ஸ் என்னும் மென்பொருளை வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தியும் அனுப்பலாம். அனுப்பும் வழி சாதாரண மின்னஞ்சலே. எவ்வரியை நீக்குவது, எவ்வரியைச் சேர்ப்பது என்பதைக் கழித்தல், கூட்டல் குறிகளால் காட்டும் சிறு குறிப்பைப் ‘பாட்ச்’ என்பர். நாம் அதனை ஒட்டு எனலாம்.

இதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஓர் ஒட்டு ஒரு குறையை மட்டுமே தீர்க்க வேண்டும். அத்திருத்தம் ஏன் தேவை என்பதை விளக்க வேண்டும். தனிக் கோப்பாக இணைக்காமல் கடிதத்தினுள்ளேயே எழுத வேண்டும். அப்போதுதான் அப்பகுதியின் பராமரிப்பாளர் வரிக்கு வரி தம் கருத்தைக் குறிக்க இயலும். இதனை வழங்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறிப் பெயரிடும் வழக்கமும் 2004ஆம் ஆண்டு முதல் உண்டு.

முதற் கடிதம் குறை சொல்லித் திரும்பி வருவது சாதாரணம். அதனால் மனம் சோரலாகாது. திருத்தி, இரண்டாம் பதிப்பு என்று குறித்து மீண்டும் அனுப்ப வேண்டும். ஏற்கப்பட்டால், எழுதியவர் பெயர் அம்மென்பொருளின் வரலாற்றில் நிலைத்துவிடும்.

இவை யாவும் நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், பராமரிப்பாளரைச் சோதிக்கும் பொருட்டுக் குறையுள்ள ஒட்டுகளை வேண்டுமென்றே அனுப்பினர். அதன் விளைவாக, 2021 ஏப்ரிலில் அப்பல்கலைக்கழகத்தார் அனைவருக்குமே கதவு அடைக்கப்பட்டது. சிலர் செயலால் குற்றமற்ற மாணவரும் பழி சுமந்தனர்.

இது பிறநாட்டார் காரியம் என்று ஒதுங்கவும் நமக்கு நியாயமில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கு இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்னும் திறந்த மென்பொருளை உருவாக்கினர். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது அங்கும் பயன்பட்டது. நம் தீவில் நம் துயரத்திற்காகச் செய்தது அயலாரின் துயரையும் ஆற்றியது.

தோழர்களே, நல்ல வேலைக்குச் சிபாரிசுக் கடிதமும் தெரிந்த மனிதரும் வேண்டும் என்று நாம் சலித்துக்கொள்கின்றோம். இங்கோ பட்டமும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை. அனுப்பிய வரிகள் சரியா என்பதே கேள்வி. ஆங்கிலம் தடுமாறுமே என்று அஞ்சுவோர், விளக்கக் குறிப்பில் உள்ள ஓர் எழுத்துப் பிழையைத் திருத்துவதிலிருந்து தொடங்கலாம். பிறர் செய்து தந்ததைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், நம் கையாலும் ஒரு வரி சேர்ப்போமாக.