பெயர்ப் பட்டியல் யார் கையில்?

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளை ஒன்றின் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)

 

ஒரே கட்சி ஆளும் கம்யூனிஸ்டு நாட்டில் அதிகாரம் எப்படி அமைந்திருக்கிறது என்று விளக்கும்படி உங்கள் காரியதரிசி கேட்டுக்கொண்டார். விஷயம் பெரிது. ஆகவே ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது சோவியத் ருஷ்யா. 1917ல் புரட்சி நடந்து, 1922ல் ஒன்றியமாகி, 1991 டிசம்பரில் கலைந்துபோன நாடு. முடிந்துபோன கதையை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அங்கே செய்த அச்சில் வார்த்த ஆட்சிகள் சீனாவிலும் வியட்நாமிலும் லாவோஸிலும் கியூபாவிலும் வடகொரியாவிலும் இன்றும் நடக்கின்றன. அதோடு, அது தொழிலாளியின் பெயரால் நடந்த ஆட்சி. நம் பெயரைச் சொல்லி நடந்ததை நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் காகிதத்தில் என்ன இருந்தது என்று பார்ப்போம். 1936ம் வருடத்து அரசியல் சட்டப்படி பதினெட்டு வயதான எல்லோருக்கும் ஓட்டு உண்டு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைக்கு 'சோவியத்' என்று பெயர். கிராமத்துக்கு ஒன்று, பட்டணத்துக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே சுப்ரீம் சோவியத். சட்டம் செய்வது அது. மந்திரிகளை நியமிப்பதும் அது. பேசும் உரிமை, எழுதும் உரிமை, கூட்டம் போடும் உரிமை, ஊர்வலம் போகும் உரிமை எல்லாமே அதில் எழுதியிருந்தன. படித்துப் பார்த்தால், இதைவிட நல்ல சட்டம் எந்த நாட்டில் உண்டு என்று கேட்கத் தோன்றும்.

நடைமுறை வேறு. ஓட்டுச் சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். அவருக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் சீட்டை அப்படியே மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம். வேண்டாம் என்றால்தான் பெயரை அடிக்க வேண்டும். அதற்கு மறைவுத் தட்டிக்குள் போக வேண்டும். எல்லோரும் நேராகப் பெட்டிக்குப் போகும்போது ஒருவர் மட்டும் தட்டிக்குள் நுழைந்தால், அவர் என்ன செய்யப் போகிறார் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? ஓட்டு எண்ணிக்கை எப்போதும் 99 சதவிகிதத்துக்கு மேலே வந்தது. அப்படித் தேர்வான சுப்ரீம் சோவியத் வருஷத்துக்கு இரண்டு தடவை, சில நாட்கள் கூடும். கை தூக்கும். ஏகமனதாக நிறைவேறும். எல்லோரும் ஊருக்குத் திரும்புவார்கள்.

அப்படியானால் அதிகாரம் எங்கே இருந்தது? அதே சட்டத்தின் 126ம் ஷரத்தில் ஒரு வாசகம் மறைந்து கிடந்தது: தொழிலாளர் ஸ்தாபனங்கள், அரசாங்க ஸ்தாபனங்கள் அனைத்துக்கும் தலைமைக் கரு கம்யூனிஸ்டுக் கட்சியே என்று. 1977ல் எழுதிய புதிய சட்டத்தில் இதை மறைக்கவும் இல்லை. 6வது ஷரத்தாக முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

கட்சிக்குத் தனி ஏணி உண்டு. தொழிற்சாலையிலும் கூட்டுப்பண்ணையிலும் கட்சிக் கிளை. அதற்கு மேல் ஜில்லா கமிட்டி, மாகாணக் கமிட்டி. மேலே சுமார் 300 பேர் கொண்ட மத்தியக் கமிட்டி. அதற்கும் மேலே பன்னிரண்டு, பதினான்கு பேர் கொண்ட போலிட் பீரோ. அரசாங்கத்தின் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் கட்சியின் ஒரு படி இருந்தது. நகர சோவியத்தின் தலைவர் ஒரு அறையில் இருப்பார், கட்சியின் நகரக் காரியதரிசி இன்னொரு அறையில் இருப்பார். காரியம் ஆக வேண்டியவர்கள் எந்தக் கதவைத் தட்டுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது எப்படி வந்தது? இதில் துப்பாக்கியைவிடப் பேனாவுக்குத்தான் பங்கு அதிகம். இங்கே இருக்கிற கிராணிமார்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1922 ஏப்ரலில் ஸ்டாலினைக் கட்சியின் பொதுக் காரியதரிசியாகப் போட்டார்கள். அப்போது அது பெரிய பதவி அல்ல. மேடையில் முழங்கியவர்கள் வேறு ஆட்கள். இவருக்கு வந்தது பைல் வேலை: யாரை எந்த ஊருக்கு மாற்றுவது, எந்தக் கமிட்டிக்கு யாரைக் காரியதரிசியாக அனுப்புவது. 1923 முதல் இதற்காக ஒரு பட்டியல் முறையாக வைக்கப்பட்டது. ருஷ்ய மொழியில் அதற்கு 'நொமென்கிளாத்தூரா' என்று பெயர். பெயர்ப் பட்டியல் என்று பொருள். நாட்டில் முக்கியமான உத்தியோகங்கள் எல்லாம் அதில் இருக்கும். தொழிற்சாலை மானேஜர், பத்திரிகை ஆசிரியர், நீதிபதி, பல்கலைக்கழகத் தலைவர் என்று எந்த உத்தியோகமானாலும், கட்சிக் கமிட்டியின் சம்மதம் இல்லாமல் ஒருவரை வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

லெனின் இந்த ஆபத்தைக் கண்டார். 1922 டிசம்பரில் நோய்ப் படுக்கையிலிருந்து எழுதச் சொன்ன குறிப்பில், ஸ்டாலின் கையில் அளவுக்கு மீறிய அதிகாரம் சேர்ந்துவிட்டது என்று எச்சரித்தார். 1923 ஜனவரியில் அவரை அந்தப் பதவியிலிருந்து மாற்றும்படியே சொன்னார். ஆனால் ஆளை மாற்றச் சொன்னாரே தவிர, பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை. என் அபிப்பிராயத்தில் கோளாறு அங்கேதான்.

தோட்டத்து வழக்கில் சொல்கிறேன். மண்டோரை வைப்பதும் துரை, நீக்குவதும் துரை என்றால், மண்டோர் காலையில் பெரட்டுக் களத்தில் யார் முகத்தைப் பார்த்து நடப்பார்? வெட்டுக்காரன் முகத்தையா? மண்டோர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே இதில் இல்லை. அவர் பிழைப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் அவர் கண் இருக்கும். இதை ஒரு தேசம் முழுவதற்கும் விரித்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாகாணக் காரியதரிசிகளை நியமிப்பது தலைமைக் காரியதரிசி. கட்சி மகாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளைப் பொறுக்குவது அந்த மாகாணக் காரியதரிசிகள். மகாநாடு மத்தியக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கும்; அந்தக் கமிட்டி தலைமைக் காரியதரிசியைத் தேர்ந்தெடுக்கும். செக்கு மாடு சுற்றுவதுபோல் ஒரே வட்டம்! 1957 ஜூனில் போலிட் பீரோவில் பெரும்பான்மையோர் சேர்ந்து குருஷேவை இறக்க ஓட்டுப் போட்டார்கள். அப்போது அதற்குப் பிரசீடியம் என்று பெயர். ஏழு பேர் எதிர், நான்கு பேர் ஆதரவு. குருஷேவ் அசையவில்லை, மத்தியக் கமிட்டியைக் கூட்டுங்கள் என்றார். அதில் இருந்தவர்களில் பலர் அவர் கையால் பதவிக்கு வந்தவர்கள். ராணுவ விமானங்களில் ஏறி வந்து சேர்ந்தார்கள். மொலோட்டோவ், மாலென்கோவ், ககனோவிச் மூவரும் பதவி இழந்தார்கள். ஏழு வருஷம் கழித்து, 1964 அக்டோபரில், தங்கள் நாற்காலிக்கே ஆபத்து என்று அதே கூட்டம் எண்ணியதும், குருஷேவையும் இறக்கிவிட்டது. இந்த இரண்டு தடவையிலும் 'யார் வேண்டும்' என்று எந்தத் தொழிலாளியையும் யாரும் கேட்கவில்லை.

இனி நமக்கு நெருங்கிய விஷயத்துக்கு வருகிறேன். தொழிற்சங்கம் எங்கே போயிற்று?

புரட்சி முடிந்த சூட்டோடு அங்கே இதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. சங்கங்களை அரசாங்க இயந்திரத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்றார் டிராட்ஸ்கி. ஆலைகளை நடத்தும் பொறுப்பையே சங்கங்களிடம் கொடுக்க வேண்டும் என்றார் ஷ்லியாப்னிக்கோவ். அவர் பட்டறையில் உலோக வேலை பார்த்த மனிதர். அலெக்சாண்டிரா கொலன்டாய் என்ற மாதரசி அவர் பக்கம் நின்றார். லெனின் நடுவில் நின்று, சங்கம் கம்யூனிசத்தைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் என்றார். 1921 மார்ச்சில் கட்சியின் பத்தாவது மகாநாடு லெனின் பக்கம் முடிவு செய்தது. அதே மகாநாட்டில் கட்சிக்குள் கோஷ்டி சேரக் கூடாது என்றும் தடை போட்டார்கள். உள்நாட்டு யுத்தம் அப்போதுதான் அடங்கியிருந்தது, குரோன்ஸ்டாட்டில் மாலுமிகள் கலகம் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே அவசரத் தேவை என்றார்கள். அவசரம் போன பிறகும் தடை போகவில்லை. சங்கங்களின் தலைவர் டோம்ஸ்கி, கொஞ்சமாவது தொழிலாளி பக்கம் பேசியவர், 1929ல் நீக்கப்பட்டார்; 1936ல் தற்கொலை செய்துகொண்டார். ஷ்லியாப்னிக்கோவை 1937ல் சுட்டுக் கொன்றார்கள்.

அதன் பிறகு சங்கத் தலைமையும் பட்டியலில் ஏறிவிட்டது. 1932க்குப் பிறகு 1949 வரை, பதினேழு வருஷம் அகில சோவியத் தொழிற்சங்க மகாநாடே கூடவில்லை. நம் கிளையில் ஒரு வருஷம் ஆண்டுக் கூட்டம் தள்ளிப்போனால் நீங்கள் என்ன பேச்சுப் பேசுவீர்கள்! 1940 ஜூனில் ஒரு சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறை. இருபது நிமிஷம் தாமதமாக வந்தால் கோர்ட்டு. ஆறு மாதம் வரை சம்பளத்தில் கால் பங்கு வரை பிடித்தம். வேலை நேரமும் ஏழு மணியிலிருந்து எட்டு மணியாயிற்று. இதைக் கொண்டுவரும்படி அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டது யார் தெரியுமா? தொழிற்சங்கங்களின் மத்திய கவுன்சில்! அந்தத் தண்டனை 1956ல்தான் எடுபட்டது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஓய்வு விடுதிக்குச் சீட்டு, நோய்க்காலப் பணம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் சங்கத்தின் மூலம் கிடைத்தன. 1958 முதல், ஆலைச் சங்கக் கமிட்டியின் சம்மதம் இல்லாமல் மானேஜர் ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாது என்ற விதியும் இருந்தது. சின்ன விஷயம் அல்ல. எத்தனை பேர் அந்த விதியால் பிழைத்திருப்பார்கள்! ஆனால் கூலி என்ன, விலை என்ன என்று மேலே தீர்மானித்துவிட்டால், 'முடியாது' என்று சொல்ல அந்தச் சங்கத்துக்கு வாய் இல்லை. 1967ல் சங்கங்களின் தலைவராக ஷெலெப்பின் என்பவரைப் போட்டார்கள். அதற்கு முன் அவர் பார்த்த வேலைகளில் ஒன்று, 1958 முதல் 1961 வரை ரகசியப் போலீசான கே.ஜி.பி.யின் தலைமை!

வாய் இல்லாத சங்கத்தால் என்ன நேரும் என்பதற்கு நோவோசெர்காஸ்க் ஒன்று போதும். டான் நதிப் பிரதேசத்து ஊர். ரயில் எஞ்சின் செய்யும் பெரிய ஆலை அங்கே இருந்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று கொடுத்துவந்த கூலியை அங்கே குறைத்திருந்தார்கள். பால் எடைக்குக் கூலி வாங்குகிற உங்களுக்கு அதன் வலி தெரியும். அந்த நிலையில் 1962 ஜூன் 1ந் தேதி நாடெங்கும் இறைச்சி விலை சுமார் 30 சதவிகிதமும் வெண்ணெய் விலை 25 சதவிகிதமும் ஏறியது. தொழிலாளிகள் மானேஜரிடம் முறையிட்டார்கள். அவர் ஏளனமாகப் பதில் சொன்னார். ஆலைச் சங்கு ஊதப்பட்டது. ரயில் பாதையை மறித்தார்கள். மறுநாள் லெனின் படத்தையும் செங்கொடியையும் ஏந்தி, பல மைல் நடந்து ஊருக்குள் ஊர்வலம் போனார்கள். எங்கே போனார்கள்? சங்க ஆபீசுக்கு அல்ல, கட்சியின் நகரக் கமிட்டிக்கு. அதிகாரம் இருக்கும் இடத்தை அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை.

வழியில் ஆற்றுப் பாலத்தில் டாங்கிகள் நின்றன. அங்கே இருந்த ஷாபோஷ்னிக்கோவ் என்ற ஜெனரல், மக்கள் மேல் டாங்கியை விட மறுத்துவிட்டார். ஊர்வலம் பாலத்தைத் தாண்டியது. சதுக்கத்தில் வேறு துருப்பு இருந்தது. அங்கே சுட்டார்கள். பிற்காலத்தில் வெளியான கணக்குப்படி 26 பேர் மாண்டார்கள். பிணங்களைக் குடும்பத்தாரிடம் கொடுக்காமல் ரகசியமாகப் பல இடங்களில் புதைத்தார்கள். பிறகு வழக்கு, ஏழு பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. 1980களின் கடைசி வரை சோவியத் பத்திரிகைகளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது, ஏனென்றால் பத்திரிகை ஆசிரியரும் பட்டியலில் இருந்தவர். ஜெனரலைப் பின்னால் கட்சியை விட்டு நீக்கினார்கள்.

தொழிலாளியைச் சுட்டவர்கள் கம்யூனிஸ்டுகள் மட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் மண்ணில் வெள்ளைக்கார சர்க்கார் 1948ல் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தை ஒழித்தது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டது. ஆனால் வெள்ளைக்காரன், 'நான்தான் தொழிலாளி, என்னை எதிர்த்தால் நீ உன்னையே எதிர்க்கிறாய்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. நோவோசெர்காஸ்கில் மாண்டவனுக்கு அதையும் சொன்னார்கள்.

இந்த அமைப்பில் எந்த ஆணியைப் பிடுங்க வேண்டும் என்று சரியாகக் கண்டவர்கள் போலந்துத் தொழிலாளிகள். கிடான்ஸ்க் நகரத்தில் லெனின் பெயரையே தாங்கிய கப்பல் கட்டும் தளத்தில், அன்னா வாலென்டினோவிச் என்ற பாரந்தூக்கி ஓட்டும் பெண்ணை, ஓய்வு பெறச் சில மாதங்களே இருக்கும்போது வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த அம்மாளைத் திரும்ப எடுக்கக் கேட்டு 1980 ஆகஸ்டு 14ந் தேதி வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. பின்பு எழுதிய 21 கோரிக்கைகளில் கூலி முதலாவது அல்ல. கட்சிக்கும் முதலாளிக்கும் கட்டுப்படாத சங்கம் வேண்டும் என்பதுதான் முதலாவது. வேலைநிறுத்த உரிமை இரண்டாவது. பன்னிரண்டாவது கோரிக்கையைப் பாருங்கள்: நிர்வாகிகளைத் திறமை பார்த்து நியமிக்க வேண்டும், கட்சி அங்கத்தினரா என்று பார்த்து அல்ல. பட்டியலின் கழுத்திலேயே கை வைத்துவிட்டார்கள்! ஆகஸ்டு 31ல் அரசாங்கம் கையெழுத்துப் போட்டது. 'சாலிடாரிட்டி' என்ற அந்தச் சங்கத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் போட்டு அடக்கினார்கள், 1982ல் தடை, 1989 ஏப்ரலில் மறுபடி பதிவு. அந்த வருஷமே ஒரு கட்சி ஆட்சி அங்கே முடிந்தது. சோவியத் நாட்டில் 6வது ஷரத்தை 1990 மார்ச்சில் திருத்தினார்கள். அடுத்த வருஷம் நாடே இல்லை.

சீனா இதையெல்லாம் பார்த்துப் பாடம் படித்த நாடு. கட்சியில் சுமார் பத்துக் கோடி அங்கத்தினர்; உச்சியில் ஏழு பேர். உத்தியோக நியமனங்களைக் கவனிக்கக் கட்சியில் தனி இலாகா உண்டு. ராணுவமும் கட்சியின் தலைமைக்குக் கட்டுப்பட்டது. 1975லும் 1978லும் எழுதிய அரசியல் சட்டங்களில் வேலைநிறுத்த உரிமை இருந்தது; 1982ல் எழுதியதில் அதை எடுத்துவிட்டார்கள். அகில சீனத் தொழிற்சங்க சம்மேளனத்துக்கு வெளியே வேறு சங்கம் வைக்க அனுமதி இல்லை. அந்தச் சம்மேளனத்தின் தலைவரைப் பொறுக்குவதும் கட்சிதான்.

நாளை காலையில் வெட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.